தர்ப்பையின் யோக்கியதை

நமது நாட்டில் குழந்தைகளுக்குச் சூட்டப்படும் பட்டங்களில் எல்லாம் மிகவும் மலிவானது "அதிகப்பிரசங்கி" என்கின்ற பட்டமேயாகும். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, பாம்பு சந்திரனை விழுங்கிற்று, பன்றி பூமியைத் தூக்கிற்று என்று மணிக்கணக்காய்ச் சொல்லுகிறவருக்கு வெறும் பிரசங்கி என்று பெயர். அவருக்குச் சால்வையும் தட்சணையும் உண்டு. "அந்தப் பாம்பு எங்கே நின்றுகொண்டு விழுங்கிற்று?" என்று ஒரே வரியில் கேட்கின்ற குழந்தைக்கு அதிகப்பிரசங்கி என்று பெயர்; அதற்குத் தலையில் ஒரு குட்டு உண்டு. ஆகவே நம் வீடுகளில் எது அதிகம், எது குறைவு என்பது பேச்சின் அளவைப் பொறுத்ததல்ல; கேள்வி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்ததே என்பது தெளிவாகும்.

இந்த அதிகப்பிரசங்கித்தனத்தால் ஒரு வீட்டில் ஒரு பெண்ணின் தாகம் தீர்ந்த கதை ஒன்றுண்டு. அதைக் கேட்டு நாம் வயிறு வலிக்கச் சிரித்தோமென்பது வாஸ்தவந்தான். என்றாலும் சிரித்துவிட்டுப் போய்விடக்கூடிய சங்கதி அல்ல அது என்பதால் இங்கே எழுதலானோம்.

2025-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, திருச்சி ஜில்லாவில் முசிறிக்கு அடுத்த ஒரு கிராமத்திலுள்ள நமது தங்கை வீட்டிற்குப் போயிருந்தோம். அன்று பூரண சந்திர கிரகணம். வீட்டில் நம் தங்கை, அவள் புருஷர், அவருடைய தாயார், ஒன்பது வயதான நம் மருமகள், அப்புறம் மாப்பிள்ளையின் தம்பி சம்சாரம் - ஏழு மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான உபாத்தியாயர். வகுப்பில் ஒரு விளக்கையும் இரண்டு பந்துகளையும் வைத்துக்கொண்டு, சூரியன் இது, பூமி இது, சந்திரன் இது, பூமியின் நிழலில் சந்திரன் நுழைவதே சந்திர கிரகணம் என்று அழகாய்ச் சொல்லிக் கொடுப்பவர். தம் மகளுக்கும் அவரேதான் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

கிரகணம் பிடிப்பது இரவு 9 மணி 57 நிமிஷத்திற்கு என்றால், அதற்கு மூன்று யாமம், அதாவது ஒன்பது மணி நேரம் முன்பிருந்தே ஆகாரம் கூடாதென்பது சாஸ்திரமாம். குழந்தைகளுக்கும் கிழவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அந்தச் சாஸ்திரமே கொஞ்சம் சலுகை கொடுத்திருக்கிறது. ஆனால் வயிற்றில் ஒன்றைச் சுமக்கிறவளுக்கு மாத்திரம் நம் வீடுகளில் சலுகைக்குப் பதிலாகக் கட்டுப்பாடு இரட்டிப்பாகும். பகல் ஒரு மணிக்குச் சாப்பாட்டை நிறுத்தினார்கள். பொழுது சாய்ந்ததும் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு ஜன்னலைச் சாத்தி, அந்தப் பெண்ணை அறைக்குள் படுக்க வைத்து, கத்தி, அரிவாள்மணை, ஊசி எதையும் தொடக்கூடாது, புரண்டும் படுக்கக்கூடாது என்று சொல்லிக் கதவை மூடினார்கள். புரட்டாசி பிறக்காத அந்த வெக்கையில் அந்த அறை எப்படி இருந்திருக்குமென்பதைப் படிப்பவர்களே யோசித்துக் கொள்ளலாம்.

இதற்கிடையில் கிழவியம்மாள் ஒரு கட்டு தர்ப்பைப் புல்லைப் பேத்தியிடம் கொடுத்து, சாதம், பால், தயிர், ஊறுகாய், தண்ணீர்ப் பானை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு போட்டு வரச் சொன்னார்.

"எதுக்கு அப்பாயி?" என்றது குழந்தை.

"பாம்பு நிலாவை முழுங்கறப்ப விஷம் இறங்குமுடி. தர்ப்பை கிடந்தா அண்டாது."

"நிலாவை முழுங்கினா, அதும்மேல நிக்குதே நம்ம விக்ரம், அதையுமா முழுங்கிடும்?"

2023-ம் வருஷம் ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான் மூன்று சந்திரனில் இறங்கியதைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்துக் காட்டியிருக்கிறார்கள், குழந்தை மறக்கவில்லை. கிழவியம்மாளும் சளைக்கவில்லை. "முழுங்கினா என்ன? ராத்திரி ஒரு மணிக்கு நிலாவோட சேர்த்துத் துப்பிடும், போ" என்றார்.

இரவு பத்தரை மணி சுமாருக்கு நாமும் குழந்தையும் வாசலில் நின்றிருந்தோம். சந்திரனில் கால் பங்குக்கு மேல் கறுத்திருந்தது. நிழலின் விளிம்பு வளைவாயிருப்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்து, "மாமா, நம்ம பூமி உருண்டைங்கறது அங்க தெரியுது பாருங்க" என்று காட்டிற்று. விளக்கும் பந்தும் வைத்துப் பாடம் சொன்ன மாப்பிள்ளையோ உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறையிலிருந்து, "அக்கா, நாக்கு வறளுதுக்கா" என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது. நம் தங்கை மாமியார் முகத்தைப் பார்த்தாள். மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். நாம் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கும்படி சொன்னோம். "நீங்க சும்மா இருங்க மச்சான், ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?" என்றார் மாப்பிள்ளை.

குழந்தை சமையலறைக்குப் போய் இரண்டு புல்லோடு வந்தது. "அப்பாயி, ஊறுகாயில போட்டா ஊறுகாய் கெடாது. தண்ணியில போட்டா தண்ணி கெடாது. அப்ப சித்தி கொண்டையில ரெண்டு செருகிட்டா சித்தியும் கெடாதுல்ல? வெளிய வந்து சாப்பிடட்டுமே!"

அறைக்குள்ளிருந்துதான் முதலில் சிரிப்புச் சத்தம் வந்தது. பிறகு தங்கை சிரித்தாள். கிழவியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிக்காதவர் ஒருவரே. "அதிகப்பிரசங்கி! பெரியவங்க பேச்சுல உனக்கென்ன?" என்று கையை ஓங்கினார் விஞ்ஞான உபாத்தியாயர். ஓங்கிய கையைத் தடுத்தது யாரென்றால் எழுத்து வாசனை அறியாத அந்தக் கிழவியம்மாளேயாகும். "விடுறா. புள்ள கேட்டதுல என்னடா தப்பு? பானைக்கு ஆவது மனுசிக்கு ஆவாதா?" என்று சொல்லி, ஒரு டம்ளர் பாலில் புல்லைக் கிள்ளிப் போட்டுத் தாமே கொண்டுபோய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். சந்திரன் பாதி மறைந்திருந்த அந்தச் சமயத்தில் அவள் அதை ஒரே மூச்சில் குடித்தாள்.

மறுநாள் காலையில் கிழவியம்மாள் பானைகளைத் திறந்து பார்த்தார். தயிர் புளிக்கவில்லை, ஊறுகாய் பூக்கவில்லை. "பாத்தீங்களா தம்பி, தர்ப்பையோட மகிமையை?" என்று நம்மைப் பார்த்துக் கேட்டார். நாம் வாயைத் திறக்குமுன், குழந்தை தலையைச் சொறிந்துகொண்டு, "அப்பாயி, அது தர்ப்பை இல்ல. நீ குடுத்த கட்டைத் திண்ணையில வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போனேன், கன்னுக்குட்டி தின்னுடுச்சு. நான் கொல்லையில கோரைப்புல்லைப் பிடுங்கிப் போட்டுட்டேன்" என்றது.

அவ்வளவுதான் நடந்தது. ராகுவின் விஷத்திலிருந்து அன்று சாஸ்திரப்படி காப்பாற்றப்பட்ட ஜீவன் அந்த ஊரிலேயே அந்தக் கன்றுக்குட்டி ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்தோம்.

நிற்க, அந்தக் குழந்தை தெரியாமல் செய்த காரியம் இன்னதென்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மருந்துக்குக் குணமுண்டா இல்லையா என்று அறிய வேண்டுமானால், அந்த மருந்து இருப்பதாக எண்ணிக் கொண்டிருக்கும்போதே அதை எடுத்துவிட்டு, விளைவு மாறுகிறதா என்று பார்ப்பார்கள். இன்று உலகமெங்கும் மருந்துகளைச் சோதிப்பது ஏறக்குறைய இந்த முறையிலேதான். தர்ப்பை போடப்பட்டது என்று நம்பின வீட்டில் தர்ப்பை இல்லை; ஒன்றும் கெடவுமில்லை. தர்ப்பையின் யோக்கியதை இவ்வளவுதான் என்று காட்ட அதற்கு ஒரு சாஸ்திரமும் வேண்டியிருக்கவில்லை; ஒரு கன்றுக்குட்டியே போதுமானதாயிருந்தது.

கிரகண நிழலினால் உணவு விஷமாகுமென்று சொல்லுகிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். சந்திரன் மேல் விழுவது என்ன? பூமியின் நிழல். பூமிக்குப் பின்னால் அந்த நிழல் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் தூரத்திற்கு நீண்டு கிடக்கிறது. சந்திரன் இருப்பது 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டர் தூரத்தில். சந்திரன் சுற்றும் பாதை சுமார் ஐந்து டிகிரி சாய்ந்திருப்பதால், ஒவ்வொரு பௌர்ணமியிலும் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிப் போய்விடுகிறது. எப்போதாவதுதான் அகப்பட்டுக் கொள்ளுகிறது. சரி, அதே நிழலுக்குள் தினந்தோறும் போய்வருகிறவர் யார்? நாம்தான்! இரவு என்று நாம் சொல்லுவதே பூமியின் நிழலல்லாமல் வேறென்ன? சந்திரன் என்றைக்கோ ஒரு நாள் மூன்றரை மணி நேரம் நிற்கின்ற நிழலில், நாமும் நமது சோற்றுப் பானையும் ஊறுகாய் ஜாடியும் நித்தம் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறோம். அந்த நிழலில் விஷமிருந்தால் இந்நாட்டில் இராச் சாப்பாடு சாப்பிட்டவன் ஒருவனாவது காலையில் எழுந்திருப்பானா?

அல்லது நிலவொளி குறைவதால்தான் கெடுதி என்பார்களானால், அமாவாசையன்று நிலவே கிடையாதே! அன்றைக்கல்லவோ வடை பாயசத்தோடு படையல் போட்டு முன்னோர்களுக்கே பரிமாறுகிறீர்கள்? கால்வாசி நிலவு குறைந்தால் விஷம், முழு நிலவும் இல்லாவிட்டால் விருந்து என்பது என்ன கணக்கு?

உணவு கெடுவது கண்ணுக்குத் தெரியாத கிருமிகளால். வெக்கையும் ஈரமும் நேரமும் சேர்ந்தால் அவை பெருகும். குளிர்ச்சியில் வைத்தாலோ நன்றாய்க் கொதிக்க வைத்தாலோ அடங்கும். அவற்றிற்கு வானத்தில் என்ன நடக்கிறதென்று தெரியாது. பஞ்சாங்கம் பார்க்கவும் தெரியாது.

கர்ப்பிணியின் விஷயமோ இதைவிட முக்கியமானது. கிரகணத்தில் வெளியே வந்தாலும், கத்தியைத் தொட்டாலும், பிறக்கும் குழந்தைக்கு உதடு பிளந்துபோகும் என்கிறார்கள். குழந்தையின் மேலுதடு கூடி முடிவது கர்ப்பத்தின் ஏழாவது வாரத்திற்குள். அண்ணம் கூடுவது அதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்குள். தான் கர்ப்பமாயிருப்பதே பல பெண்களுக்கு உறுதியாய்த் தெரியாத காலம் அது. ஏழாம் மாதத்தில் கதவைச் சாத்துவது, குதிரை போன பிறகு லாயத்தைப் பூட்டும் காரியத்தைக்கூட ஒத்ததல்ல. ஏனெனில் குதிரையைக் கொண்டுபோனதும் கிரகணமல்ல. பரம்பரைக் கூறுகள், சத்துக் குறைவு, புகையிலை, சர்க்கரை வியாதி, சில மருந்துகள் முதலியவை காரணமாகலாமென்று வைத்திய நூல்கள் சொல்லுகின்றன. அப்படிப் பிறந்த குழந்தைகளுக்கும் சிறு வயதிலேயே அறுவைச் சிகிச்சை செய்து சரிப்படுத்தி விடுகிறார்கள். அந்தத் தாயைப் பார்த்து "கிரகணத்தில் என்ன வெட்டினாய்?" என்று ஆயுள் முழுவதும் கேட்டுக் குத்துகிறோமே, அந்தக் காயத்திற்குத்தான் சிகிச்சை இல்லை.

மற்றபடி மெய்யான கெடுதி எங்கே இருக்கிறதென்றால், அந்த மூடிய அறையில்தான் இருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சி நெடுநேரம் பட்டினி கிடந்தால் மயக்கம் வரும். தண்ணீர் குடியாதிருந்தால் உடம்பு வறளும், நீர்க்கடுப்பு வரும், காலத்திற்கு முந்தி வலியே காணவும் கூடும். ராகு செய்யாத தீங்கை ராகுவுக்குப் பயந்தவர்கள் செய்து முடிக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு நவம்பர் மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. உதடும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. இதை நாம் ருஜுவாகச் சொல்லவில்லை. ஒரு குழந்தையைக் கொண்டு எதையும் ருஜுப்பிக்கக்கூடாது; அப்படி ருஜுப்பிப்பது சோதிடர்களின் வழக்கம்.

பாம்பு விழுங்குகிறதென்று சொல்லுகிற பஞ்சாங்கமே, இன்ன தேதி இன்ன நிமிஷத்தில் விழுங்கும், இன்ன நிமிஷத்தில் துப்பும் என்றும் சொல்லுகிறதே, இது எப்படி? பசித்தபோது தின்னுகிற பாம்பு பல வருஷங்களுக்கு முன்னாலேயே நிமிஷக் கணக்கில் எழுதிக் கொடுத்துவிட்டா தின்னும்? கணக்குப் போடுகிறவனுக்கு அது நிழலென்று தெரியும். கேட்கிறவனுக்கு மாத்திரம் பாம்பு. கி.பி. 499-ல் ஆரியபட்டர், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கிறது என்று எழுதி வைத்தார். ஆயிரத்தைந்நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும் அந்தச் செய்தி பஞ்சாங்கத்தின் கணக்குப் பக்கத்திலிருந்து பலன் பக்கத்திற்கு வந்து சேரவில்லை.

நாம் கதவைச் சாத்திக்கொண்ட நேரத்தில் திறந்து பார்த்தவர்கள் அடைந்ததென்ன என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. 1868-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி பூரண சூரிய கிரகணம் நமது தென்னாட்டில் தெரிந்தது. குண்டூரிலும் மசூலிப்பட்டணத்திலும் தூரதிருஷ்டிக் கண்ணாடிகளோடு காத்திருந்து ஆராய்ந்தார்கள். அந்தக் கிரகணத்தையொட்டிச் சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோட்டிலிருந்துதான் ஹீலியம் என்னும் புதுப் பொருள் உண்டென்று உலகத்திற்குத் தெரிந்தது. பூமியில் அது 1895-ல் தான் அகப்பட்டது. சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் என்கின்ற நம்மவரும் அந்தக் கிரகணத்தை ஆராய்ந்தவரே. வானத்தை நேரில் பார்த்துப் பஞ்சாங்கக் கணக்கைத் திருத்த வேண்டுமென்று பாடுபட்டவரும் அவர்தான். ஆனால் நமக்கு அந்தக் கிரகணம் தந்தது ஒரு முழுக்கும் இரண்டு தர்ப்பையுந்தான்.

இப்போது புதிதாய் ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. பாம்பு என்று சொன்னால் சிரிப்பார்களென்று தெரிந்து, "தர்ப்பை கதிர்வீச்சை உறிஞ்சுகிறது" என்று சொல்லுகிறார்கள். சந்திர கிரகணத்தில் கூடுதலாக வரும் கதிர் எது? உள்ள வெளிச்சமும் குறைகிறதேயொழிய புதிதாய் எதுவும் வருகிறதில்லை. இன்னொருவர், தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திக் காட்டி, கிரகண சக்தி என்று கைப்பேசியில் படம் அனுப்புகிறார். அடிப்பாகம் தட்டையாயிருந்தால் உலக்கை எந்த நாளும் நிற்கும். மற்ற நாளில் நிறுத்திப் பார்க்க யாருக்கும் தோன்றாததே அந்தச் சக்தியின் இரகசியம்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது. அதற்குக் காரணம் ராகுவல்ல, சூரியன். எந்த நாளில் உற்றுப் பார்த்தாலும் சூரியன் கண்ணின் உட்திரையைச் சுட்டுவிடும். கிரகணத்தன்று வெளிச்சம் மங்குவதால் துணிந்து உற்றுப் பார்க்கிறோம், அதுதான் ஆபத்து. அதற்கென்று செய்த கண்ணாடி போட்டுக்கொண்டோ, அட்டையில் சிறு துளையிட்டுத் தரையில் விழும் பிம்பத்தையோ பார்க்கலாம். 2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கோயமுத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களில் வளையமாய்த் தெரிந்த கிரகணத்தை அநேக பள்ளிப் பிள்ளைகள் அப்படிப் பார்த்தே களித்தார்கள். சந்திர கிரகணத்திற்கோ எந்தக் கண்ணாடியும் வேண்டியதில்லை.

நமது கோபம் கிழவியம்மாள் மேல் அல்ல. அவருக்குப் பள்ளிக்கூடத்தைக் காட்டாதது இந்தச் சமூகம். தெரியாததால் நம்பினார், குழந்தை நியாயம் கேட்டதும், தம் நம்பிக்கைக்குள்ளேயே நின்றாவது ஒரு டம்ளர் பாலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். நமது கோபமெல்லாம் தெரிந்தும் கதவைச் சாத்தியவர் மேல்தான். இவர்கள் விஞ்ஞானத்தைச் சட்டைபோல மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய், வீட்டு வாசலில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே வருகிறார்கள். "பெரியவங்க காரணமில்லாமலா சொல்லியிருப்பாங்க?" என்பார்கள். காரணம் இருந்தால் அதைச் சொல்லட்டும். இல்லையென்றால் கேட்ட குழந்தையை அடிக்காமலாவது இருக்கட்டும். வகுப்பில் "நிழல்" என்று எழுதினால் மார்க்கு, வீட்டில் "நிழல்" என்று சொன்னால் குட்டு என்றால், அந்தக் குழந்தை கற்றுக்கொள்ளுவது என்ன? உண்மை என்பது பரீட்சைக்கு மாத்திரம் வேண்டியது என்பதையல்லவா? அப்படிக் கற்ற பிள்ளைகள்தானே நாளைக்கு வைத்தியராகவும் அதிகாரியாகவும் நியாயாதிபதியாகவும் வரப்போகிறார்கள்?

ஆகையால் தோழர்களே! நாம் உங்களைப் பெரிய தியாகம் ஒன்றும் செய்யும்படி கேட்கவில்லை. அடுத்த சந்திர கிரகணம் வரும்போது வாசற்கதவைத் திறந்து வையுங்கள். வீட்டிலுள்ள பிள்ளைத்தாய்ச்சிக்கு வேளைக்குச் சோறும், கேட்டபோது தண்ணீரும் கொடுங்கள். அவளுக்கும் விருப்பமிருந்தால் ஒரு நாற்காலியை வாசலில் போட்டு உட்கார வைத்து வானத்தைக் காட்டுங்கள். குழந்தை கேள்வி கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "தெரியவில்லை, இருவரும் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது. ஓங்கின கையை இறக்குங்கள். வானத்திலே விழுகின்ற நிழல் மூன்றரை மணி நேரத்தில் தானாக விலகிவிடும். குழந்தையின் மனத்திலே நாம் போடுகின்ற நிழல் அப்படித் தானாக விலகாது என்பதை மாத்திரம் மறவாதிருக்கும்படி கேட்டுக் கொள்ளுகிறோம்.